வளைகாப்பில் நான் ஆற்றிய நஞ்சுக்கொடி உரை

புதிதாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவர்களை முதல் ஆறு மாதம் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கராத்தே கற்றுக்கொண்டவன் யாரையாவது உதைத்துப் பார்ப்பான். தபாலில் வைத்தியம் படித்தவர் எதிர்வீட்டுக்காரருக்கு இல்லாத வியாதியைக் கண்டுபிடிப்பார். நான் கற்றுக்கொண்டது நஞ்சுக்கொடியைப் பற்றி. பூட்டி வைக்க ஆளில்லாததால் சொந்த அக்காவின் வளைகாப்பைக் கெடுத்தேன்.

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மனித நஞ்சுக்கொடியின் செல்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்ப்போம். பிளாஸ்டிக்கை இளக்கவும் கெட்டியாக்கவும் சேர்க்கிற சில ரசாயனங்கள் உடம்புக்குள் போனால் ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். அவற்றைத் துளித்துளியாக அந்தச் செல்களுக்குக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஹார்மோன் நஞ்சுக்கொடியில்தான் சுரக்கிறது. சில தட்டுகளில் அந்தச் சுரப்பு மாறியது. சில தட்டுகளில் செல்கள் செத்துப்போயின. (அதில் பாதி நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாததால் செத்தவை. அதை வீட்டில் சொல்லவில்லை.)

அக்கா சுமதி என்னைவிட ஏழு வயது மூத்தவள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிற வேலை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு முறை தரித்து, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மூன்றாவது தங்கி ஏழாம் மாதமும் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சந்தோஷப்படக்கூடப் பயந்தார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் அக்காவின் மாமியார் வீட்டு வாசலில் பந்தல் போட்டு வளைகாப்பு வைத்தார்கள். வளையல் போட்டு முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்குக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

எங்கள் பக்கம் விசேஷம் என்றால் குடலை இட்லி வேண்டும். குடலை என்கிற நீளமான மூங்கில் கூடைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து, மிளகும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். ஒரு இட்லியை வெட்டிப் போட்டால் ஒரு பந்திக்கே வரும். அன்று கொல்லைப் பக்கம் நான் எட்டிப் பார்த்தபோது மூன்று குடலையிலும் இலை இல்லை. வழவழவென்று பிளாஸ்டிக் ஷீட் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

சமையல்காரர் முருகேசன் அண்ணன் பாவம், நிதானமாகத்தான் சொன்னார். "இலை கெடைக்கலமா. ஷீட்டு புதுசு. கழுவிட்டுதான் போட்டேன்."

சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். மூன்று இட்லியையும் பந்திக்குப் போகவிடாமல் நிறுத்தினேன். (அந்த ஷீட்டில் நான் படிக்கிற ரசாயனம் இருந்ததா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.) அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனில் ஹோட்டல் இட்லி வாங்கப் போனார்.

வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, நலங்கு முடிந்து, கூட்டம் பசியோடு உட்கார்ந்திருந்தது. இட்லி எங்கே என்ற கேள்வி பந்தலைச் சுற்றி வந்து அம்மாவிடம் நின்றது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, நலங்குப் பாட்டுக்காக வாடகைக்கு எடுத்திருந்த மைக்கை என் கையில் திணித்தாள். நீ கிளப்பிய வினை, நீயே காரணத்தைச் சொல்லி அப்பா வரும்வரை சமாளி என்றாள்.

கேட்காமலே பேசுகிறவள் நான். கேட்டால் விடுவேனா? நஞ்சுக்கொடி என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே அது நிற்கும் காவலைச் சொன்னேன். அந்தக் காவலையும் தாண்டிப் போகிற ரசாயனங்களைச் சொன்னேன். எதிரில் மூன்று கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். என் பேச்சுக்கு இவ்வளவு பலமா என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

அக்காவின் மாமியார் கையைத் தூக்கினார். நல்ல மனுஷி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"செல்லு செல்லுன்றியே, அத எதுலம்மா வளக்கறீங்க?"

"தட்டுல அத்தை."

"எவர்சில்வர் தட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பிளாஸ்டிக்" என்றேன்.

பந்தல் மொத்தமும் சிரித்தது. முருகேசன் அண்ணன் கொல்லையிலிருந்து வந்து நின்று சிரித்தார். அது வேறு வகைப் பிளாஸ்டிக், அதில் அந்தச் சேர்மானம் கிடையாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எனக்கு முகம் சுருங்கிப்போனது. சிரிப்பை அடக்க என்னிடம் இருந்ததிலேயே பெரிய செய்தியை எடுத்து வீசினேன். "சிரிக்காதீங்க. கடையில பில்லு குடுக்கறாங்களே, அந்தப் பேப்பர்லகூட இது இருக்குது. தொட்டாலே தோல் வழியா உள்ள போயிடும்."

சிரிப்பு நின்றது. நான் எதிர்பார்த்ததைவிடவும் முழுசாக நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

அக்கா நாற்காலியில் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வளையல். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் அவள் மெதுவாகப் பேசியதும் மைக்கில் போனது.

"ஆறு வருசமா பில்லு கிழிச்சிக்கினு இருக்கேன். அப்ப அந்த ரெண்டும் என் கையாலதான் போச்சாடி?"

ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். தெருமுனை டீக்கடைவரை கேட்டிருக்கும். எனக்கு மைக்கை எங்கே அணைப்பது என்றுகூடத் தெரியவில்லை. (ஆராய்ச்சியாளர்.) அவள் சாதாரணக் குரலில்தான் கேட்டாள். கடையில் ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவள் மாதிரி கேட்டாள். அழுதிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். இரண்டு கையிலும் இட்லிப் பொட்டலம். கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் வாங்கியிருந்தார், நூல் கட்டிய பிளாஸ்டிக் கவர்களில். ஏன் எல்லோரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா பொட்டலங்களை வாங்கிப் பிரித்தாள். அந்தச் சாம்பாரைத்தான் எல்லோரும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் சாப்பிட்டேன். அக்கா சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் கை கழுவ ஆரம்பித்தாள். எதைத் தொட்டாலும் கழுவினாள். தொடாமலும் கழுவினாள். பத்து நாளில் விரலிடுக்கில் தோல் உரிந்தது. பால் பாக்கெட்டைப் பார்த்துப் பாலை நிறுத்தினாள். மருந்து அட்டையைப் பார்த்துச் சத்து மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த செக்கப்பில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, எடை இறங்கியிருந்தது. இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன் என்று டாக்டர் அம்மாவைத் திட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. பில் பேப்பர் அக்காவுக்கு என்ன செய்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்தேன் என்பது டாக்டரின் சீட்டிலேயே எழுதியிருந்தது. மூன்றாவதும் போனால் அதற்குக் காரணம் தேட எந்த ஆராய்ச்சியும் தேவைப்படாது.

மறுநாள் காலையே பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனேன். அக்கா கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்போடு நின்றிருந்தாள். பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். மைக்கில் அவ்வளவு சரளமாக வந்த தமிழ் அன்று வரவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் தட்டில்தான் என்றேன். தட்டில் நான் ஊற்றுகிற அளவை நான் முடிவு செய்கிறேன். உன் வயிற்றுக்குள் எவ்வளவு போனது, போனதா, போய் ஏதாவது செய்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்த இரண்டும் ஏன் போயின என்று எனக்குத் தெரியாது. நீ செய்தாய் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

அவள் குழாயை மூடினாள்.

"தெரியாதத எதுக்குடி மைக்ல சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். சமூக அக்கறை, விழிப்புணர்வு என்று நல்ல வார்த்தைகள் எல்லாம் வந்தன. எதையும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"பெருமைக்குதான்க்கா" என்றேன்.

அக்கா சோப்பைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். பிறகு ஈரக் கையை என் துப்பட்டாவிலேயே துடைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள். அன்று பாலும் குடித்தாள், மாத்திரையும் போட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஒன்பதாம் மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் கொஞ்சம் அதிகம். அக்கா திரும்ப வேலைக்குப் போனபோது பில் கவுண்டர் வேண்டாம், புடவை மடிக்கிற பக்கம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பயமில்லையாம். தெரியாதபோது எதற்குத் தொட வேண்டும் என்றாள். என் ஆய்வேட்டின் முடிவுரையில் நான் நான்கு பக்கத்தில் சொன்னது அதைத்தான்.

கிணற்றடியில் நான் சொன்னதை அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் அடித்துப் பேச முடியாது. இந்த வருடம் தாமல் ஏரி நிச்சயம் நிரம்பும் என்பார் அப்பா. உடனே அம்மா, "தட்டுலயா, வயித்துலயா?" என்பாள். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, பையன் தங்கம் என்று எனக்காக யாராவது வந்து சொன்னாலும் அதே கேள்விதான். அக்காவின் மாமியார் அதை ஐயம்பேட்டை முழுக்கப் பரப்பிவிட்டார். முருகேசன் அண்ணன்கூடச் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இப்படித்தான் கேட்கிறாராம். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள்.

ஆனால் வருடத்தில் ஏதோ ஒரு நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, கீரை ஆய்ந்துகொண்டோ தலை பின்னிக்கொண்டோ, முகத்தைப் பார்க்காமல் கேட்பாள்.

"இப்பவாவது எதனா தெரிஞ்சுதாடி?"

"இன்னும் இல்லக்கா."

"சரி. தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லு."