வெல்லமும் வேப்பிலையும்

ரேஷன் காலத்திலும் நான் குண்டாகத்தான் இருந்தேன். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது எனக்கு மட்டும் சட்டையைப் பிரித்துத் தைத்தார்கள். (தையல்காரர் கூலி கேட்கவில்லை, துணிதான் கேட்டார்.) காரணம் வெல்லம். பானையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

அந்த வருஷம் அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன், எங்கள் பாவாவின் கள்ளுதான் காரணம். மதுவிலக்கு வந்தும் அவருக்கு எங்கேயோ கிடைத்தது. நியாயம் பேச நான் கிளம்பினேன்.

"கள்ள உடறது ஒரு பெரிய விஷயமா பாவா? மனசு வச்சா போதும்."

பாவா என் வயிற்றைப் பார்த்தார். "அப்டியா மச்சான்? நீ வெல்லத்த உடு, நான் கள்ள உடறேன். ஆடிக் கிருத்திகை வரைக்கும். ஒருத்தன் ஒடைச்சா இன்னொருத்தனுக்கும் சத்தியம் கெடையாது."

இருவரும் காப்புக் கட்டிக்கொண்டோம். நிறைவேறினால் அக்கா திரும்பிப் போவதாக ஏற்பாடு. தினமும் சாயங்காலம் பாவா வருவார். அவர் ஊதுவார், நான் மோப்பம் பிடிப்பேன். பிறகு நான் ஊதுவேன்.

நான் தாக்குப்பிடித்தது மூன்று நாள். நாலாம் நாளிலிருந்து வெல்லம் தின்றதும் வேப்பிலையை மென்றுவிட்டு ஊதினேன். பாவா தலையாட்டிவிட்டுப் போவார். எனக்குப் பெருமை வேறு!

கிருத்திகையன்று இருவரும் பேசா விரதமாக வாயில் துணி கட்டிக்கொண்டு முருகன் மலைப் படியேறினோம்; அக்காவும் கூட வந்தாள். அவர் தோளில் காவடி, என் கன்னத்தில் வெல்லக்கட்டி. (துணி மறைக்கும் என்று நினைத்தேன்.) பாதி மலையில் வியர்வையும் பாகும் துணியை நனைக்க, எங்கிருந்தோ எறும்புகள் வந்துவிட்டன. உதட்டில் நாலு கடி. அலறிக்கொண்டு துணியைப் பிடுங்கினேன். வெல்லக்கட்டி பாவாவின் காலடியில் விழுந்தது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சத்தியம் போயிற்று. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பாவா வெல்லத்தைப் பார்த்தார். வாய் கட்டியிருந்ததால் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறிப் போனார்.

தரிசனம் முடிந்து துணியை அவிழ்த்ததும் அக்காவிடம் வந்தார்.

"பெட்டிய எடு, ஊட்டுக்குப் போலாம்."

"இவன் ஒடைச்சிட்டானே..."

"அது நாலாம் நாளே தெரியும். வேப்பில வாசம் அடிச்சிது. முன்ன குடிச்சிட்டு வந்தப்ப நானும் அதத்தான் மென்னுகினு உன்ன ஏமாத்திகினு இருந்தேன்."

"தெரிஞ்சுமா நீங்க குடிக்கல?"

"ஆங். நான் கள்ளு இருக்கிற பக்கமே போகாம தப்பிச்சிகினேன். இவனுக்குத் தீனி தெனம் மூணு வேள தட்டுலயே வந்து உக்காருது. பாவம், திட்டாத."

பாவா சாகும்வரை கள்ளைத் தொடவில்லை. அவரை அதற்கப்புறம் யாரும் ஊதச் சொல்லவும் இல்லை.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வியாதி வேறு. அக்கா வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் பேரப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள்.

"ஊதுடா" என்பாள் அக்கா.

போன பொங்கலுக்கும் ஊதினேன். வேப்பிலை வாசம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.