தாஹிர் நானாவின் வெறும் நாள்

கொண்டாட்டம் என்றாலே முகத்தைச் சுளித்து, அந்தச் சுளிப்பையே ஒரு கொண்டாட்டமாக்கி, அதற்கு ஊரையும் கூப்பிடுகிற ஒரு ரகம் இருக்கிறது. எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் அந்த ரகத்துக்குத் தலைவர் தாஹிர் நானா.

டிசம்பர் பிறந்தால் அவருக்கு நித்திரை இல்லை. புடைவைக் கடைக்காரன் வேர்த்து ஒழுகியபடி பஞ்சைப் பிய்த்து மரத்தில் பனியாக ஒட்டுகிறான். சனம் அதை வாய் பார்த்துவிட்டு, வேண்டாத சாமானையெல்லாம் கழிவு விலையில் அள்ளிக்கொண்டு போகிறது. அயல்வீட்டுத் திரேசாவின் நத்தார்ப் பண்டிகையோடு இவருக்குச் சண்டையில்லை. அவள் அனுப்பும் கேக்கில் இரண்டு துண்டு கூடவே சாப்பிடுவார். சண்டை கடைகளோடுதான்.

அதனால் டிசம்பர் இருபத்துமூன்றுக்கு ‘வெறும் நாள்’ என்று பேர் வைத்தார். அன்றைக்கு ஒன்றும் வாங்கக்கூடாது. கருவாட்டுப் பந்தலிலிருந்து உருவிய மொட்டைக் கம்பு முற்றத்தில் நிற்கும், சோடனை கிடையாது. கருவாட்டு வாடைக்கு ஈ, இலையான் வந்து குந்தினால் அது அதன் இஷ்டம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் கதிரை போட்டிருந்து, வருஷம் முழுக்க மனசில் கிடந்த குறையை உரிய ஆளின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். கேட்கிறவர் வாய் திறந்தால், நோன்பு முறிகிற மாதிரி நாள் முறிந்துபோகும்.

சட்டம் போட்டவர் அவர். மூன்று வருஷமாகக் குறை சொன்னவரும் அவர்தான். அயலவனின் ஆட்டிலிருந்து பாண் ரொட்டி விற்க வருகிறவனின் ஆட்டோப் பாட்டு வரை சொல்லி முடிப்பதற்குள் அந்தி மஃரிபுக்குப் பாங்கு கேட்டு, நாளும் முடிந்துவிடும். எவ்வளவு வசதி!

இந்த வருஷம் பாங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், மனைவி பஸீஹாவின் தம்பி நளீம் குறுக்கே விழுந்தான். “மச்சான், தாத்தாவும் ஒரு கொற செல்லட்டுமே,” என்று தன் அக்காவைக் காட்டினான்.

பஸீஹா கையைத் துடைத்துக்கொண்டு கம்படிக்கு வந்தாள்.

“கலியாணம் முடிச்சு இருவத்திரண்டு வருஷம். இந்த மனிசன் ஒரு நாளும் எனக்கு ஒண்டும் வாங்கித் தந்ததில்ல. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு நாள்?”

தாஹிர் நானாவிடம் பதில்கள் வரிசையில் நின்றன. வாய் திறந்தால் நாள் முறியும். நளீமின் கண்ணோ அவர் உதட்டிலேயே இருந்தது. பாங்கு கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கம்பைப் பார்த்தார். கம்பும் அவரைப் பார்த்தது.

நாள் பிழைத்தது.

மறுநாள் காலை, பஞ்சுப் பனி மரத்தடியில் நின்று, கழிவு விலைச் சீலைக்கு இன்னும் கழிவு கேட்டவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா? “வெறும் நாள் நேத்தோட முடிஞ்சிதானே,” என்று கடைக்காரனுக்கு அவரே விளக்கமும் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? ‘நாங்க இதெல்லாம் கொண்டாடுறதில்ல’ என்று இந்த மாதம் எத்தனை பேரிடம் வலியப் போய்ச் சொன்னீர்கள்? அப்படியென்றால் உங்கள் முற்றத்திலும் கம்பு நட்டாயிற்று. பாங்குக்கு முன்னால் வீட்டிலுள்ளவருக்கு முறை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.