கேட்ட நினைவகம் கிடைக்காதபோது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்று, நீ மறுத்து எழுதும்வரை, வைத்துக்கொள்கிறேன். இந்த வாரமும் என்னால் அங்கே வர முடியாது. அப்படி என்ன வேலை என்று அத்தான் கேட்பார், சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் நினைவகத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதில் ஒரு பகுதி, முதலில் ஒரு துண்டு இடம் வாங்கும், பிறகு இன்னொன்று கேட்கும். இரண்டாவது இல்லையென்றால், கையிலிருக்கும் முதலாவதைத் திருப்பிக் கொடுக்காமலே கோபித்துக்கொண்டு போய்விடும். அந்த இடம் அப்புறம் யாருக்கும் ஆகாது. நான் அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். திருத்தங்களைச் சரிபார்க்கிறவர், நான் முகம் பார்த்திராத ஒரு மனிதர், ஒரே வரியில் பதில் போட்டார்: இப்போது அதே துண்டு இரண்டு இடத்தில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. உண்மைதான். வெட்கமாக இருந்தாலும், அந்த வாரம் என்னிடம் பேசியவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சரிசெய்துவிட்டு, சோதிக்க வேண்டுமே என்று, நினைவகம் இருந்தும் இல்லை என்று கம்ப்யூட்டரைப் பொய் சொல்ல வைத்தேன். அது எனக்கும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிட்டு உறைந்துபோனது. வாங்கினதை வைத்துவிட்டுப் போ என்று எத்தனை தடவை சொல்வது என்று நான் அதட்டியது மாடிப்படி வரை கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு டீச்சரம்மா இரண்டு கப் டீயோடு கதவைத் தட்டினார்கள். விருந்தாளி வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள் போல. யாருமில்லை என்று சொல்ல வாய் வராமல், அவர் குளிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பாவத்துக்கு, ஆளில்லாத குளியலறையில் போய்க் குழாயையும் திறந்துவிட்டு வந்தேன். அவர்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

"யாரும் வரலைன்னு தெரியும் தம்பி. இது எனக்குத்தான். குழாயை மூடிட்டு வாங்க, தண்ணி வீணாப் போகுது."

குடித்தோம். அவர்கள் இறங்கிப் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. திருத்தத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன்; பதில் வரும்போது நான் இங்கே இருந்தாக வேண்டும். அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு, உயரம் தெரியாததால், எட்டிய இடத்தில் முத்தம்.

உன் தம்பி

பி.கு.: பதில் வந்துவிட்டது. திருத்தம் சரிதானாம். ஆனால் அந்தப் பகுதியை இப்போது யாருமே பயன்படுத்துவதில்லை என்பதால் மொத்தமாக நீக்கிவிட்டார்களாம். வர முடியாது என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சனிக்கிழமை வந்து கதவைத் தட்டுவேன். எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதே.