கிராணியின் இன்பாக்ஸ்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் மெயில் வரவில்லை. வீரமுத்து கணினித் திரையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மோடத்தின் பச்சை விளக்கை முறைத்துப் பார்த்தார். பிறகு இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆபீஸ் பழக்கம் ஆளை விடவில்லை. மகள் திலகாவிடமிருந்து ஞாயிறுதோறும் வரும் மெயிலைக் காகிதத்தில் அச்செடுத்து, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, இரண்டு ஓட்டை போட்டுக் கோப்பில் வைப்பார். பதில் மட்டும் போட்டதில்லை. தோட்டத்து ஆபீசில் வந்த கடிதத்தைப் பதிவு செய்வதோடு கிராணியின் வேலை முடிந்தது. பதில் எழுதுவது மேனேஜர் துரையின் பாடு. வீட்டில் துரை என்று யாரும் இல்லாததால் இரண்டு வருடமாகப் பதிலும் இல்லை.

இது அவர் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் மகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சிரம்பானில் பேங்க் வேலையில் இருந்த பெண், ஒருநாள் அதை உதறிவிட்டு, நியூசிலாந்தில் கிவிப்பழத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள்.

"மூணு தலைமொறையா தோட்டத்த விட்டு வெளிய வரத்தான் பாடுபட்டோம். நீ பிளேன் ஏறித் தோட்டத்துக்குப் போறியா?" என்று கேட்டார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் அம்மாவிடம் போனில் பேசுவாள். அப்பாவுக்கு மெயில். அங்கே கொடியை எப்படி வெட்டுகிறார்கள், மழை பெய்தால் வேலை உண்டா, அவர்கள் ஊர் மண்டோர், அதுதான் மேஸ்திரி, எப்படி ஏசுகிறார் என்று ஒரு கிராணி தெரிந்துகொள்ள விரும்பும் விவரமெல்லாம் எழுதுவாள். அவர் இரண்டு தடவை படிப்பார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கோப்பை மூடுவார். மறு ஞாயிறு எப்போது வரும் என்று திங்கட்கிழமையே பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மகள் நலமாகத்தான் இருக்கிறாள். சமையலறையில் மனைவி புஷ்பவள்ளி போனில் அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்கிறது. அப்படியானால் கோளாறு லைனில் இருக்க வேண்டும். லைனில் இல்லையென்றால் மகள் தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று அர்த்தம். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஆகவே லைன்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார்.

போனில் பேசிய பெண்ணின் பெயர் விமலா. தமிழ் பேசினாள், பொறுமையாகவும் பேசினாள். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டார். மெயில் வரவில்லை. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் நாடகம் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. விமலா சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினாள். அது அடுத்த நொடியே வந்து விழுந்தது. வீரமுத்து பழக்கதோஷத்தில் அதையும் அச்செடுத்து முத்திரை குத்தினார்.

"அப்போ ஒரு பிரச்சினையும் இல்ல அங்கிள்."

"இருக்கு. ஒரு எடத்துல இருந்து வர்றது மட்டும் வரல."

"யாரு அனுப்புறாங்க?"

வீரமுத்து தொண்டையைச் செருமினார். "தெரிஞ்சவங்க."

"அப்ப அவங்களுக்கே ஒரு போன் போட்டு, அனுப்புனீங்களான்னு கேட்டுருங்க. ஈசி லா அங்கிள்."

உலகத்தில் அவரால் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். குப்பை மெயிலை வடிகட்டும் இடத்தில் சிக்கியிருக்கலாம் என்று சொல்லி, அந்த வடிகட்டியை எடுத்துவிடும் வழியையும் சொல்லிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் முந்நூறு மெயில் வந்து குவிந்தன. மலிவு விலை டயர், குலுக்கலில் கார், தொப்பை குறைய மாத்திரை. மகள் எழுதியது இடையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒன்று விடாமல் திறந்தார். அதில் ஒன்று, பாஸ்வேர்டைக் கொடுத்தால் காணாமல் போன மெயிலெல்லாம் கிடைக்கும் என்றது. நல்ல மனிதர், கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் கோயில் கமிட்டித் தலைவர் நல்லசாமி போனில் கூப்பிட்டார். தனக்குத் தொப்பை மாத்திரை சிபாரிசு செய்திருப்பதற்கு நன்றி என்றும், அடுத்த கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வைத்துவிட்டார். வீரமுத்துவின் பெயரில், அவருக்கு எழுதியவர்களுக்கெல்லாம் அந்த மாத்திரை போயிருந்தது.

அப்படியானால் திலகாவுக்கும் போயிருக்கும். இரண்டு வருடத்தில் அப்பாவிடமிருந்து மகளுக்குப் போன முதல் கடிதம் தொப்பை மாத்திரை.

பதறிப்போய்ப் பாஸ்வேர்டை மாற்றப் போனார். தப்புத் தப்பாக அடித்ததில் நிறுவனமே கணக்கைப் பூட்டிவிட்டது.

புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று இத்தனை வருடமும் தள்ளியே நின்றவள் அவள். "விடுங்களேன். வந்தா வருது. ரெண்டு நாள் பொறுத்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று சொல்லிவிட்டு, மகளின் அறைத் திரைச்சீலையைத் துவைக்கப் போய்விட்டாள். ஒரு மனிதன் இங்கே செத்துக்கொண்டிருக்கிறான், இவளுக்குத் திரைச்சீலை கேட்கிறது என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான மந்தினிலிருந்து அஸ்வர் என்கிற டெக்னீஷியன் வந்தார். தலை நரைத்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். அரை மணி நேரத்தில் கணக்கைத் திறந்து, குப்பையை அள்ளிக் கொட்டி, டிவியையும் உயிர்ப்பித்துவிட்டார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, லைனில் ஒரு கோளாறும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்றார்.

வீரமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதறது என் மக," என்றார். "ரெண்டு வருசமா வாராவாரம் எழுதுனா. நான் ஒண்ணுக்கும் பதில் போட்டதில்ல. அலுத்துப்போயி நிறுத்திட்டா போல. இத எப்படி ரிப்பேர் பண்றதுன்னு உங்க கம்பெனில யாருக்காச்சும் தெரியுமா?"

அஸ்வருக்கும் இரண்டு பெண்கள். அந்த மாத்திரை மெயில் மகளுக்குப் போயிருக்கிறதா என்றாவது பார்த்துவிடலாம், போன மெயில் கிடக்கும் பெட்டியைத் திறக்கிறேன் என்றார்.

டீயோடு வந்த புஷ்பவள்ளி வாசலிலேயே நின்றாள். "அது எதுக்குங்க? இடது பக்கம் மூணாவதா கெடக்குமே, அதத்தான சொல்றீங்க? அதுல ஒண்ணும் இருக்காது."

வீரமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார். அதற்குள் அஸ்வர் திறந்துவிட்டார். திரையை மேலே தள்ளினார், இன்னும் தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார்.

"பதிலே போட்டதில்லன்னீங்க. வாரம் தவறாம நூத்துச் சொச்சம் போயிருக்கேண்ணே. 'நான் எழுதறது அம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும், நீ எழுதறதுல அதக் காட்டிக்காத'ன்னு வேற எழுதியிருக்கு."

புஷ்பவள்ளி டீத் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

அஸ்வர் மாத்திரை மெயிலைத் தாண்டி, மகளுக்கு ஆகக் கடைசியாக எழுதிப் போனதைத் திறந்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெயில நிறுத்துனதே நீங்கதாண்ணே. 'எழுதுனது போதும் திலகா, இனிமே எழுத வேணாம், உன்னப் பாக்கணும், கெளம்பி வா, அடுத்த மாசம் மொத சனிக்கிழமை காலைல அப்பாவே ஏர்போர்ட்ல வந்து நிப்பேன்'னு எழுதியிருக்கீங்க. நாளைக்குத்தான் லா அந்தச் சனிக்கிழமை."