கரண்டி பிடித்த சபாநாயகர்

சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிரகங்களில் எப்படி எப்படி ஆட்சி நடக்கிறது என்று எங்கள் மெஸ் அக்காவுக்குத் தெரிந்த அளவு, அந்தந்தக் கிரகத்து ராஜாக்களுக்கே தெரிந்திருக்காது. இத்தனைக்கும் அவர் திருப்பூரை விட்டு அதிகம் வெளியே போனவர் அல்ல. பல்லடம் பஸ்ஸில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு பனியன் கம்பெனியில் பார்சல் செக்‌ஷன் கிளார்க். கம்பெனிக்குப் பின்சந்தில் ஓர் ஓட்டு வீட்டில் அக்கா மெஸ் வைத்திருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். எங்களுக்கு அவர் சபாநாயகர் அக்கா. நல்ல உயரம், கணீரென்ற குரல். எப்போதும் இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு கரண்டி. தூங்கும்போதாவது கரண்டியைக் கீழே வைப்பாரா என்று எங்களுக்குள் சந்தேகம் இருந்தது.

இந்தப் பட்டம் அவருக்கு வரக் காரணமானவர் சிங்கப்பூரார். சிங்கப்பூரில் பட்டாளத்துக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த டெய்லர். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியதும் இவரும் ஊர் திரும்பி எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மனிதர் பொய் பேசி யாரும் கேட்டதில்லை. துணி ஒரு நூல் குறைந்தாலும் முதலாளியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வருகிற ரகம்.

அவர் பட்டாளத்துக் கேன்டீனில் டெலிவிஷன் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் அப்போது டெலிவிஷனைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு விளக்குவதற்கே அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

"ரேடியோப் பொட்டிக்குக் கண்ணாடி மாட்டுன மாதிரி இருக்குமுங்க. கண்ணாடிக்குள்ள ஆளுங்க நடமாடுவாங்க" என்றார்.

"சினிமாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"சினிமா பெருசுங்க அம்மிணி. இது நம்ம பனியன் பார்சல் பொட்டி உசரந்தான்."

"அத்தனூண்டு பொட்டிக்குள்ள ஆளுங்க எப்படிங்க மூச்சு விடுவாங்க?" என்றார் அக்கா.

அந்தப் பெட்டியில் வாராவாரம் ஓர் இங்கிலீஷ் தொடர் வருமாம். வானத்தில் பறக்கும் ஒரு கப்பல். அதில் ஒரு சர்வேயரும் அவருடைய ஆட்களும் கிரகம் கிரகமாகப் போய் அளந்து படம் வரைவார்கள். ஒவ்வொரு கிரகத்திலும் ஒரு தினுசான ஜனங்கள், ஒரு தினுசான அரசாங்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது சிங்கப்பூரார் ஒரு கிரகத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். கதை முடியவும் குழம்பு இறங்கவும் சரியாக இருக்கும். கதை முடிந்தால்தான் சாப்பாடு.

அந்தந்தக் கிரகத்து ராஜாக்கள் எல்லாரும் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ் பேசினார்கள். மூன்று கண் உள்ள சக்கரவர்த்தி சிம்மாசனத்தில் இருந்து எழுந்து, "வாங்க சர்வேயரே, உக்காருங்க, மோரு குடிக்கறீங்களா?" என்று கேட்பார். "உங்களைச் சிறையில போடறமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தளபதி சொல்வான். எங்களில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. மரியாதை தெரிந்த கிரகம் என்று நினைத்துக்கொண்டோம்.

கதை முடிவதற்குள் சண்டை ஆரம்பமாகிவிடும். மெஸ்ஸில் இரண்டு கட்சி. சேவூர்ப் பக்கம் நாலு கிணறும் தோட்டமும் உள்ள வீட்டுப் பையன் ஒருவன் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்தான். அவனைப் பண்ணாடி என்போம். எந்தக் கிரகமானாலும் அங்கே ஒரு ராஜா இருந்தே ஆகவேண்டும் என்பது அவன் கட்சி. சர்வேயரை மட்டும் அவனுக்கு ஆகாது. "நெலம் அளக்க வர்றவனை நம்பாதீங்கண்ணா. இன்னைக்கு அளப்பான், நாளைக்கு வரப்பைத் தள்ளிப் போடுவான்" என்பான். எதிரணிக்குத் தலைவர் பழனிச்சாமி. தையல் செக்‌ஷன், யூனியன்காரர். எந்த ராஜாவைப் பற்றிச் சொன்னாலும், "அந்தாளுக்குப் போனஸ் குடுக்கற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்பார்.

ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்த, அக்கா உள்ளேயிருந்து வந்து காலிக் குண்டாவில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். ஓடு அதிர்ந்தது.

"ஒருத்தர் ஒருத்தரா நாயம் பேசுங்க. நடுவுல பூந்தா அப்பளம் கெடையாது."

அன்றிலிருந்து அவர் சபாநாயகர். அவர் ஒருமுறை தட்டினால் பேசலாம், மறுபடி தட்டினால் நிறுத்த வேண்டும். பழனிச்சாமி மூன்று ஞாயிறு தொடர்ந்து அப்பளம் இழந்தார். கொள்கைக்காக என்று சொல்லிக்கொண்டார்.

சபாநாயகர் பேசக்கூடாது என்ற விதி எல்லாம் அவரிடம் செல்லாது. எந்தக் கிரகம் வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அதெல்லாம் இருக்கட்டும். அங்க சோறு ஆக்கறது யாருங்க?"

சிங்கப்பூரார் திணறிப்போவார். டெலிவிஷனில் அதைக் காட்டியிருக்கமாட்டார்கள். பார்க்காததை அவர் சொல்லவும் மாட்டார். ஒருமுறை மட்டும் அவரிடம் பதில் இருந்தது. அந்தக் கிரகத்தில் யாரும் சமைப்பதில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் வயிறு நிறைந்துவிடும் என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

"அப்ப பொம்பளைங்க எல்லாம் நாள் முச்சூடும் என்னங்க பண்றாங்க?"

"அவங்கதானுங்க அரசாங்கம் நடத்தறாங்க."

அக்கா உள்ளே போனார். அன்று எல்லாருக்கும் பாயசம்.

இன்னொரு கிரகத்தில் ஆளுக்கு ஒரு வாரம் ராஜா பதவி. அது அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போய், மெஸ்ஸிலும் அமல்படுத்தினார். முதல் வாரம் பழனிச்சாமி ஆட்சி. பரிமாறுவது அடிமைத்தனம், அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். முன்னால் வந்த நாலு பேர் சோற்றை முடித்துவிட்டார்கள். ராஜா பட்டினி. அடுத்த வாரம் பண்ணாடி. தன் இலையை எடுத்துப் போடப் பழனிச்சாமியை நியமித்தான். அன்று சாயங்காலமே புரட்சி வெடித்து, அக்கா இரண்டு கையாலும் குண்டாவைத் தட்ட வேண்டியதாயிற்று. "அந்தக் கெரகத்து ஜனங்க பொறுமைசாலிங்க. உங்களுக்கெல்லாம் அது ஒத்து வராது" என்று சொல்லி ஆட்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு சித்திரை மாத ஞாயிறு வரை.

அன்று சிங்கப்பூரார் சொன்ன கிரகத்தில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஊருக்கு நடுவே ஒரு மைதானம். எல்லாரும் அங்கே கூடி உட்கார்ந்து பேசுவார்கள். ஒரே ஒரு சட்டம்தான். கடைசி ஆள் வரைக்கும் சம்மதித்தால்தான் ஒரு காரியம் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றாலும், அவர் மனசு மாறும் வரைக்கும் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

சர்வேயர் அந்தக் கிரகத்தை அளந்து பார்த்தால், அதன் வயிற்றுக்குள் நெருப்பு கூடிக்கொண்டே போகிறது. வெடித்துவிடும். ஓடிப்போய் ஜனங்களிடம் சொன்னார்: எல்லாரும் கிளம்புங்கள், பக்கத்துக் கிரகத்துக்கு வழி காட்டுகிறேன். ஜனங்கள் மைதானத்தில் கூடினார்கள். பேசினார்கள், பேசினார்கள். ஒரே ஒரு கிழவி மட்டும் வரமாட்டேன் என்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போக அவர்கள் சட்டத்தில் இடமில்லை. சர்வேயர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கப்பலில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்.

"அப்பறம் அந்தக் கெரகம் வெடிச்சுப்போச்சுங்க" என்றார் சிங்கப்பூரார். "அவ்வளவுதானுங்க."

பழனிச்சாமி உடனே எழுந்தார். "இதுக்குத்தானுங்க மெஜாரிட்டி வேணும்கறது. நூத்துக்கு அம்பத்தொண்ணு வந்தாப் போதும், கெளம்பிரலாம்."

"ராஜா இருந்திருந்தா கெழவியைத் தூக்கிக் கப்பல்ல போடுன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது" என்றான் பண்ணாடி.

குண்டா தட்டப்படவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கண்ணா, அந்தச் சர்வேயரு சித்தெ நேரம் இருந்திருக்கலாமல்லங்க?"

"நேரமில்லீங்க அம்மிணி."

"ஒரு ஊரே உக்காந்து பேசீட்டிருக்குது. பாதியில எந்திரிச்சுப் போறதுங்களா? அவங்க என்ன தப்புப் பண்ணுனாங்க? ஒரு கெழவியை உட்டுட்டுப் போகமாட்டம்னு சொன்னது தப்புங்களா?"

அக்கா உள்ளே போய்க் குழம்புச் சட்டியை மூடி, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார்.

"அந்த ஜனங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்பறம் சோறு."

முதலில் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. வேறு ஹோட்டலுக்குப் போகலாம்தான். ஆனால் அந்த வாசனையை விட்டு எழுந்து போக ஒருவருக்கும் கால் வரவில்லை.

எல்லாரும் சிங்கப்பூராரைச் சூழ்ந்துகொண்டோம். "கெழவி மனசு மாறிட்டான்னு சொல்லீருங்கண்ணா, என்ன போச்சு?" என்று பழனிச்சாமி கெஞ்சினார். பண்ணாடி, "பக்கத்து ராஜா படையோட வந்து காப்பாத்திட்டாருன்னு சொல்லுங்க" என்றான்.

சிங்கப்பூரார் தலையை ஆட்டினார். "பாத்ததைத்தானுங்க சொல்ல முடியும். மாத்திச் சொன்னா இத்தன நாள் சொன்னதும் பொய்யாப் போயிருமுங்க."

அக்காவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு மணையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பொய் வேண்டாமுங்க. வெடிச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. கண்ணாடி முச்சூடும் வெள்ளையா வெளிச்சம் வந்துது."

"அப்பறம்?"

"அப்பறம் சோப்பு வெளம்பரம் போட்டாங்க."

"வெளம்பரத்துக்கு அப்பறம்?"

சிங்கப்பூரார் சட்டைப் பித்தானைத் தடவினார். "கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

பழனிச்சாமி வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்ப நீங்களும் அந்தச் சர்வேயரு மாதிரியே பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க" என்றார் அக்கா மெதுவாக. "வெளிச்சந்தானே வந்துது? நம்ம சந்துல கரண்டு வந்தாக்கூட வெளிச்சம் வருது. அவங்க செத்தாங்கன்னு எப்படிங்க சொல்றீங்க?"

"எல்லாரும் அப்படித்தானுங்களே நெனைப்பாங்க..."

அக்கா எழுந்தார். இப்போதுதான் குண்டாவைத் தட்டினார். அந்த ஜனங்களின் வழக்கை அவர்கள் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதாவது, அவர்கள் பிழைத்தார்கள் என்று இங்கே கடைசி ஆள் வரைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், பசியோடும் முழு மனதோடும். பண்ணாடி மட்டும் தூக்கவில்லை. ராஜா இல்லாத ஊர் பிழைத்தது என்று ஒப்புக்கொண்டால் தன் கட்சி என்ன ஆவது என்று அவனுக்குக் கவலை. ஊரே அவனைக் கெஞ்சியது. பழனிச்சாமி அவன் தோளில் கை போட்டு மூலைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"பொழச்சு வேற கெரகத்துக்குப் போனதுக்கப்பறம் ஒரு ராஜா வெச்சுக்கறாங்க. போனஸ் குடுக்கற ராஜா. யூனியனுக்குச் சம்மதம்" என்று அறிவித்தார்.

பண்ணாடி கை தூக்கினான்.

மிச்சம் சிங்கப்பூரார். அவர் கை மடியிலேயே இருந்தது. அவரை யாரும் கெஞ்சவில்லை. கெஞ்சி ஆகாது என்று தெரியும். அக்காவும் அவசரப்படுத்தவில்லை. நின்றபடியே காத்திருந்தார். வெளியே சந்தில் ஒரு மாட்டு வண்டி போய் மறையும் வரைக்கும் சிங்கப்பூரார் யோசித்தார்.

"செத்ததை நான் பாக்கலைங்க" என்றார் கடைசியில். "அது நெசம்."

கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமலே இன்னொரு கையால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இத்தன வருசமா அந்தக் கெழவியை நெனச்சு வெசனப்பட்டுட்டே இருந்தனுங்க அம்மிணி. யார்கிட்டயும் சொன்னதில்லீங்க."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா" என்றார் அக்கா. "கதை சொல்றப்பவே உங்க கொரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. வாங்க, இலையில உக்காருங்க."

குழவியை இறக்கி மூடியைத் திறந்தார். அடுப்பை அணைக்க மறந்திருக்கிறார். குழம்பு சுண்டி, நன்றாக அடிப்பிடித்திருந்தது. அவருக்கு மூக்கு மந்தம் ஒன்றும் இல்லை, கருகல் வாசனை தெரிந்திருக்கும். ஆனால் முதல் இலையில் சிங்கப்பூராருக்கு ஊற்றிவிட்டு, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எதிலும் அவர் கவனம் போகவில்லை.

அந்தக் கருகிய குழம்பை நாங்கள் எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.