மலை வீட்டு ரேடியோ நிலையம்

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சோதனை ஒருமுறை சரியாக வந்துவிட்டால் யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல்.

அப்பாவுக்கு சிற்றலை ரேடியோ என்றால் உயிர். புதூர்நாட்டு மலை வீட்டில் சாயங்காலமானால் எங்கெங்கோ இருக்கும் நாடுகளின் நிலையங்களைப் பிடித்துக் கேட்பார். கிட்னி கைவிட்டதும் வேலூரில் என் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். இங்கே லிஃப்ட், இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்பு எல்லாம் சேர்ந்து ரேடியோவில் வெறும் இரைச்சல்தான். "இன்னாம்மா, மாவு மில்லுல குடி வெச்சிட்ட?" என்றார். பிறகு ரேடியோவைத் தொடுவதை விட்டார். சாப்பாட்டையும் பாதியில் தள்ளினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மலை வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் ரேடியோவைப் பிடித்து, இணையம் வழியாக வேலூருக்கு அனுப்பினால்? (விஞ்ஞானி அவதாரம்!) விரல் நீளக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினேன். கம்ப்யூட்டரில் செருகினால் அதுவே ரேடியோ. ஆண்டெனா கம்பியைக் கட்டத் தோதான உயரத்தில் இருந்தது வீட்டோரப் புளியமரம் ஒன்றுதான். அந்த மரம் யாருக்கு என்ற சண்டையில்தான் அப்பாவும் அவர் கூடப்பிறந்த தம்பியான பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் பல வருஷமாகப் பேசுவதில்லை. பயந்துகொண்டே கேட்டேன். சித்தப்பா மரமேறி அவரே கட்டிக்கொடுத்தார்.

சோதித்தேன். ஸ்பீக்கரில் ரேடியோ பாடியது. என் போனிலும் அதுவே பாடியது. அப்புறம் என்ன? "இத மட்டும் அணைக்காதீங்க சித்தப்பா" என்று சாவியைக் கொடுத்தேன். காலி வீட்டில் எதற்குச் சத்தம் என்று கிளம்பும்போது ஸ்பீக்கரை மட்டும் அணைத்தேன். (புத்திசாலி!)

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ரேடியோ சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். கேசரி கிளறினேன். சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டுப் பட்டனைத் தட்டினேன். ரேடியோ வரவில்லை. இடிச்சத்தம் கேட்டது. எங்கோ கதவு திறக்கும் சத்தம். பிறகு சித்தியின் குரல்.

"சீக்கிரம் பிளக்க புடுங்குய்யா. பொட்டி வெடிச்சிட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்போதுதான் உறைத்தது. நான் அனுப்பிக்கொண்டிருந்தது ரேடியோவை இல்லை, கம்ப்யூட்டரின் மைக்கை! அன்று ஸ்பீக்கர் பாடியதை மைக் கேட்டு அனுப்பியிருக்கிறது. நானும் பூரித்துப் போயிருக்கிறேன். "இது எந்த ஸ்டேஷன்மா?" என்றார் ஒரு சிநேகிதர். கேசரிச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. நிறுத்தப் போன என் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"பெரியவருக்கு போன் போட்டு ஒரு வார்த்த பேசேன்யா. ரொம்ப முடியலயாமே" என்றாள் சித்தி.

மழை இரைச்சலுக்கு நடுவே, பிளக்கைத் தேடி மேசையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"போட்டு, அண்ணன் எடுக்கலன்னா?" என்றார் சித்தப்பா. "போட்டா எடுப்பாருன்னு நெனச்சிட்டாவது கீறேன். அதுவும் பூடும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டார். எல்லாம் நின்றது.

"அவனுக்குப் போடும்மா" என்றார் அப்பா. போட்டேன். மழையில் மலை டவர் படுத்துவிட்டது. "கெடச்சுதா? கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருவழியாக லைன் கிடைத்தபோது அப்பாவுக்குத் தொண்டையில் சுவாசக் குழாய் போட்டிருந்தார்கள்; பேச முடியாது. போனை அவர் காதில் வைத்தேன்.

"அண்ணா, நான்தான்."

அப்பாவின் கண்ணோரம் நனைந்தது. எனக்கும் அழுகையை அடக்க முடியவில்லை. "சித்தப்பா, அப்பா எடுத்துட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா போய்விட்டார். ரேடியோ வைக்கப் போனவள் மைக் வைத்த கதை எங்கள் வீட்டு எல்லா விசேஷத்திலும் ஓடுகிறது. மலை வீட்டில் யாராவது புறணி பேச ஆரம்பித்தால் சித்தி கம்ப்யூட்டரைக் காட்டி, "பாத்துப் பேசுங்க, பெரியவரு கேட்டுட்டு கீறாரு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். சித்தப்பா மட்டும் நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.