வெடிக்காத லேப்டாப்

அரைகுறையாகத் தெரிந்தவரிடம் பெரிய வேலையைக் கொடுக்கக் கூடாது என்பார்கள். தாயில்பட்டியில் சின்னப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த என் மாமாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், தங்கை மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெருமையில் அவர் காதில் விழுந்திருக்காது.

அந்த வருஷம் சீசன் மந்தம். கேரளாவிலிருந்து திருவிழா ஆர்டரோடு ஒரு வியாபாரி வாணம் விட்டுப் பார்க்க வருவதாக இருந்தது. அது கைவிட்டுப் போனால் கம்பெனியைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான் என்று மாமா என் அம்மாவிடம் அழுதிருக்கிறார். நான் சும்மா இருந்திருக்கலாம். பட்டனைத் தட்டினால் வாணங்கள் வரிசையாகக் கிளம்பும்படி செய்கிறேன், வருகிறவர் அசந்துபோவார் என்று சொல்லிவிட்டேன். (வயசு அப்படி.)

மின்சாரத்தால் திரியைப் பற்றவைக்கும் பெட்டி ஒன்றை என் ஆபீஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி வயரால் இணைத்தேன். எந்த யுஎஸ்பி சாமானும் செருகியவுடன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்: நான் இன்னார், என்னோடு பேச இத்தனை வழி என்று. அதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். என் பெட்டி இரண்டு வழி என்றது. அதை இயக்க நான் எழுதிய நிரலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வழியில் கட்டளை அனுப்பியது. அந்த நிரலை நான் வைத்திருந்தது கெர்னலில், அதாவது கம்ப்யூட்டரின் உயிர்நாடியில். வெளியே இருக்கிற நிரல் இடறினால் அது மட்டும் விழும். அங்கே இடறினால் மொத்தமும் விழும். அது எனக்குத் தெரியும். என் நிரல் இடறாது என்றும் தெரியும் என நினைத்தேன்.

வியாபாரி வந்த சாயங்காலம் மாமா ஆசையாக வேறொரு பெட்டி வாங்கி வந்தார். பார்க்க அதேபோல இருந்தது, இன்னும் பளபளப்பாக. வாணங்களின் கம்பிகளையெல்லாம் முதலில் அதில் மாட்டிவிட்டு, பிறகு லேப்டாப்பில் செருகினேன். (புத்தியுள்ளவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.) புதுப் பெட்டி தன்னிடம் ஒரே வழிதான் என்று உண்மையைத்தான் சொன்னது. என் நிரல் அதைக் கேட்கவே இல்லை. இல்லாத இரண்டாவது வழியில் காலை வைத்தது.

திரை முழுக்க எழுத்தாகக் கொட்டி, அப்படியே உறைந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. வயரைப் பிடுங்கினால் பெட்டி சும்மா இருக்குமா, எல்லா வாணத்தையும் ஒன்றாகக் கொளுத்திவிடுமா? மாமா என் முகத்தைப் பார்த்தார். வியாபாரி மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கம்பெனியில் வெடிமருந்து அறைகளை மேற்பார்வையிடும் அத்தை, மாமாவின் மனைவி, என் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“அது அசைய மாட்டேங்குது அத்தே. தொட்டா என்ன ஆகும்னு தெரியல.”

“வெடிக்குமா வெடிக்காதான்னு தெரியாத சாமான். அம்புட்டுத்தானே?”

எங்கள் பக்கத்தில் வெடிக்காமல் நின்றுபோன வெடியை யாரும் தொட மாட்டார்கள், குனிந்தும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டியின்மீதும் லேப்டாப்பின்மீதும் நிதானமாக, ஒரு மூலை விடாமல் ஊற்றினார். விளக்கு அணைந்தது. எல்லோரையும் வெகுநேரம் தள்ளி நிற்க வைத்தார். அப்புறம் கம்பிகளைக் கழற்றி, பழையபடி திரி வைத்து, நீளக் கம்பில் ஊதுபத்தியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

வியாபாரி ஆர்டர் கொடுத்தார், திருவிழாவுக்குக் கம்ப்யூட்டர் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. மாமா என் முன்னாலேயே சம்மதித்தார். லேப்டாப் மழையில் நனைந்துவிட்டது என்று ஆபீஸில் சொன்னேன். சிவகாசிப் பக்கத்தில் மழையா என்று மேனேஜர் கேட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது பிற்பாடு நடந்ததை. காரியாபட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கால் கழுவவா என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

“இல்ல தம்பி,” என்றார் அத்தை. “நீங்களும் கம்ப்யூட்டர் ஆளுன்னு சொன்னாக. ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காரப் போறீக. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்னுதான்.”